வண்டியையும் ஏற்றலாமா?



குடும்பத்தோடு ஒரு பயணம் போவதென்றால் நம்மில் யார்தான் கணக்குப் போடாமல் இருக்கிறோம்? எத்தனை பேர் வருகிறார்கள், எத்தனை நாள், சோறு கட்டிக்கொண்டு போவதா, கடையில் சாப்பிடுவதா, தொழுகைக்கு எங்கே இறங்குவது, பிள்ளைக்குப் பால்மா எவ்வளவு என்று விரல் விட்டு எண்ணுகிறோம். ஆனால் வீட்டில் நடக்க இயலாத ஒருவர் இருந்தால் அவரைப் பற்றிய கணக்கு மட்டும் பல வீடுகளில் ஒரே வரியில் முடிந்து விடுகிறது. "அவர் வீட்டுல இரிக்கட்டும்!" அவ்வளவுதான். சொல்கிறவர்கள் கெட்டவர்கள் அல்ல. அன்பினால்தான் சொல்கிறார்கள். அந்த அன்பைப் பற்றித்தான் இன்று உங்களோடு கொஞ்சம் பேச வேண்டும்.

நாங்கள் இருப்பது மாங்கேணியில். அது எங்கே என்று தமிழ்நாட்டுச் சகோதரிகள் கேட்பீர்கள். இலங்கையின் கிழக்கில், மட்டக்களப்பிலிருந்து திருகோணமலைக்குப் போகும் ஏ-15 வீதியில், வாழைச்சேனையும் காயாங்கேணியும் தாண்டி வாகரைக்குப் போகும் வழியில் இருக்கிறது எங்கள் ஊர். கிழக்கே கடல். கொஞ்சம் வடக்கே போனால் பனிச்சங்கேணிக் களப்பு. வீதியோரத்தில் எங்களுக்கு ஒரு சிறிய கடை இருக்கிறது. கடையை நடத்துகிறவர் என் கணவர்.

அவருக்கு மூன்று வயதில் இளம்பிள்ளை வாதம் வந்தது. இலங்கையில் போலியோ சொட்டு மருந்து 1962லேயே வந்து விட்டது. ஆனாலும் அறுபதுகளின் கடைசியில் ஒதுக்குப்புறக் கிராமத்தில் பிறந்த அவரை அது வந்து சேரவில்லை. இந்த நாட்டின் கடைசிப் போலியோ நோயாளி 1993ல் பதிவானார். அதன் பின் ஒருவருக்கும் இல்லை, அல்ஹம்துலில்லாஹ். இன்றைய பிள்ளைகளுக்கு அந்த நோயின் பெயரே தெரியாது. என் கணவரின் இரண்டு கால்களுக்கும் அது நன்றாகத் தெரியும்.

அவர் வீட்டுக்குள் ஊன்றுகோலால் நடப்பார். வாசலைத் தாண்டினால் அவருக்குக் கால் அவருடைய வண்டிதான். பின்சில்லுக்கு இரு பக்கமும் சிறிய சில்லுகள் பூட்டிய ஸ்கூட்டர் அது. உங்கள் ஊரிலும் பார்த்திருப்பீர்கள். கால் ஊன்றாமலே நிற்கும். கையாலேயே பிரேக் பிடிக்கலாம். அந்த வண்டி வந்த நாளிலிருந்து கடைக்குச் சாமான் எடுக்க வாழைச்சேனைக்கும், ஜும்ஆவுக்கு ஓட்டமாவடிக்கும் அவர் யாரையும் எதிர்பார்த்தது இல்லை. மழைக்குக் கூட என்னைத்தான் பின்னால் ஏற்றிக்கொண்டு வருவார்.

எங்கள் மூத்த மகன் கட்டாரில் வேலை செய்கிறான். 2023 ஜூனில் சென்னையிலிருந்து கோர்டேலியா நிறுவனத்தின் 'எம்பிரஸ்' என்ற உல்லாசக் கப்பல் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று நம் துறைமுகங்களுக்கு வரத் தொடங்கியது. அந்தச் செய்தியைப் பார்த்து விட்டு அவன் தொலைபேசியில் பிடித்துக்கொண்டான். "உம்மாவும் வாப்பாவும் ஒருக்கா அப்படிக் கப்பல்ல போங்க. செலவு என்ட பொறுப்பு" என்றான். பிள்ளையின் ஆசை எனக்கு இனித்தது. வாப்பாவிடம் கொடுத்தேன். அவர் எல்லாவற்றையும் கேட்டு விட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"வண்டிய ஏத்தேலுமா மவன்?"

தொலைபேசியின் அந்தப் பக்கம் மகன் சிரித்தான். இந்தப் பக்கம் மகளும் மருமகனும் சிரித்தார்கள். கப்பலிலே ஸ்கூட்டரா என்று. அவர் மட்டும் சிரிக்கவில்லை. அவர் சிரிக்காததைப் பார்த்த பிறகு எனக்கும் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் ஒரு பயண முகவரிடம் நானே கேட்டேன். அவர் மரியாதையாகத்தான் பதில் சொன்னார். வண்டி ஏற்ற முடியாது. ஆனால் சக்கர நாற்காலி தருவார்கள், தள்ளிக்கொண்டு போக ஆளும் இருக்கும், ஒரு குறையும் இருக்காது என்றார். அதை வீட்டில் வந்து சொன்னேன். "தள்ளிட்டுப் போறதுக்கு நான் என்ன பெட்டியா புள்ள?" என்று கேட்டு விட்டு அவர் கடையைத் திறக்கப் போய் விட்டார்.

சகோதரிகளே, அந்தக் கேள்வி கேலிக்குரியதல்ல. விசாரித்துப் பார்த்தபோது உலகத்தில் எத்தனையோ பேர் இதே கேள்வியைக் கேட்கிறார்கள் என்று தெரிந்தது.

உல்லாசக் கப்பல் என்பது மிதக்கும் ஹோட்டல். அறைகள், சாப்பாட்டு மண்டபம், நீச்சல் குளம் எல்லாம் உண்டு. வண்டி ஓட்டிக்கொண்டு ஏறும் வாசலும் கிடையாது, நிறுத்தி வைக்கும் தளமும் கிடையாது. துறைமுகத்தில் சில மணி நேரம் நிற்கும். பேருந்தில் ஏற்றி ஊரைக் காட்டித் திருப்பிக் கொண்டு வந்து விடுவார்கள். பழைய நாளில் பெருங்கடலைக் கடந்த கப்பல்கள் வேறு மாதிரி. இன்று துபாயில் ஹோட்டலாக நிற்கிறதே 'குயீன் எலிசபெத் 2', அது அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடந்து ஓடிய காலத்தில் பயணிகளின் கார்களையும் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறது. ஆட்கள் ஊர் போய்ச் சேருவதற்காக ஓடிய கப்பல் அது. போய்ச் சேர்ந்த இடத்தில் அவர்களுக்கு வண்டி தேவைப்பட்டது.

அந்த வேலையை இப்போது 'பெரி' என்னும் கப்பல்கள் செய்கின்றன. அவற்றின் வயிற்றில் வாகனத் தளம் இருக்கும். கதவைத் திறந்து பலகையை இறக்கினால் காரும் மோட்டார் சைக்கிளும் தாமாக ஓடி ஏறும். சுவீடனின் ஸ்டொக்ஹோமில் மாலையில் ஏறினால் மறுநாள் காலையில் பின்லாந்தின் ஹெல்சிங்கியில் இறங்கலாம். நடுவே அறையில் உறங்கலாம், மேல் தளத்தில் உலாவலாம். உங்கள் மோட்டார் சைக்கிள் கீழே பட்டியால் கட்டப்பட்டு உங்களுக்காகக் காத்திருக்கும். உல்லாசப் பயணமும் சொந்த வண்டியும் சேர்ந்து கிடைப்பது அந்தக் கப்பல்களில்தான்.

நம் பக்கத்தில்? நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே 2023 ஒக்டோபர் 14ல் கப்பல் சேவை தொடங்கியது. நின்று போய், 2024 ஓகஸ்டில் 'சிவகங்கை' என்ற கப்பலோடு மறுபடி தொடங்கியது. ஆனால் அது ஆட்களுக்கும் அவர்கள் பெட்டிகளுக்குமான கப்பல். மோட்டார் வாகனம் ஓடி ஏறும் தளம் அதில் இல்லை. இன்னொரு நாட்டுக்குச் சொந்த வண்டியைக் கொண்டு போவதென்றால் கப்பல் மட்டும் போதாது என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். 'கார்னே' என்று ஒரு சுங்கப் பத்திரம் எடுக்க வேண்டும். வண்டியை அங்கே விற்காமல் திருப்பிக் கொண்டு வருவேன் என்பதற்கு அது பிணை. இலங்கையில் 1904ல் தொடங்கிய ஒட்டோமொபைல் அசோசியேஷன் ஒப் சிலோன் அதைக் கொடுக்கிறது.

இதையெல்லாம் ஒரு இரவில் அவரிடம் சொன்னேன். அமைதியாகக் கேட்டார். பிறகு, "கப்பல்தான் ஏத்தாது. பாதை ஏத்தும்தானே?" என்றார்.

பாதை என்றால் வீதி என்று நினைத்து விடாதீர்கள். மட்டக்களப்பில் வாவியைக் கடக்கும் மிதவைக்கே பாதை என்று பெயர். அகலமான தட்டை மிதவை. ஏறி இறங்கப் பலகை. ஓட்ட ஒரு இயந்திரம். ஆட்கள், சைக்கிள், மோட்டார் சைக்கிள், நெல் மூட்டை எல்லாம் அதிலே போகும். மட்டக்களப்பு வாவி ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளம். கடல் பக்கத்துக் கரைக்கு எழுவான்கரை என்று பெயர், சூரியன் எழும் கரை. மேற்குக் கரைக்குப் படுவான்கரை. எழுவான்கரையில் குடியிருந்து படுவான்கரைப் பள்ளிக்கூடங்களில் படிப்பிக்கும் ஆசிரியைகள் காலையில் ஸ்கூட்டியோடு பாதையில் ஏறி, அக்கரையில் இறங்கி ஓட்டிப் போவதைப் பார்த்தால் உங்களுக்கு மனம் நிறையும். அவர்களுக்கு அது சுற்றுலா அல்ல, அன்றாட வேலை.

ஒரு காலத்தில் எங்கள் வீதியே இப்படித்தான் இருந்தது. மாங்கேணியிலிருந்து திருகோணமலைக்குப் போக வெருகல், கங்கை, இறால்குழி, உப்பாறு, கிண்ணியா என்று துறைக்குத் துறை இறங்கி ஏற வேண்டும். யுத்தம் முடிந்த பின் ஒவ்வொன்றுக்கும் பாலம் வந்தது. கிண்ணியாப் பாலம் 2009 ஒக்டோபரில் திறக்கப்பட்டது. தெற்கே மண்முனைத் துறைக்கும் 2014 ஏப்ரலில் பாலம் வந்து விட்டது. ஆனாலும் குருக்கள்மடத்திலிருந்து அம்பிளாந்துறைக்கும், குருமண்வெளியிலிருந்து மண்டூருக்கும், சந்திவெளியிலிருந்து திகிலிவெட்டைக்கும் பாதைதான் மக்களைக் கொண்டு சேர்த்து வந்திருக்கிறது.

அவர் தேர்ந்தெடுத்தது மண்டூர்ப் பாதை. அதற்குக் காரணம் இருந்தது. என் மாமனார் நெல் வியாபாரி. வெல்லாவெளிப் பக்கம் போய் நெல் கொள்முதல் செய்வார். அறுவடைக் காலத்தில் ஆண் பிள்ளைகளையும் கூட்டிப் போவாராம். துறையில் காத்திருப்பது, பாதையில் ஏறுவது, வயலில் சுட்டுத் தின்ற மீன் என்று அண்ணன் தம்பிமார் வந்து கதை சொல்வார்களாம். இவர் மட்டும் திண்ணையில் இருந்து கேட்பார். தூக்கிக்கொண்டு போவது கஷ்டம், அவன் வீட்டுல இரிக்கட்டும் என்று மாமி சொல்லி விடுவார். தாயுள்ளம்தான், வேறென்ன! ஆனால் ஐம்பது வருடம் ஆகியும் அந்தக் கதைகளில் தான் இல்லை என்பதை அவர் மறக்கவில்லை.

ஓகஸ்ட் விடுமுறையில் புறப்பட்டோம். அவருடைய வண்டியில் நான். இன்னொரு மோட்டார் சைக்கிளில் மகளும் மருமகனும். ஒரே மூச்சில் ஓடும் தூரம் இல்லை. கல்லடியில் 1924ல் கட்டிய பழைய இரும்புப் பாலத்தையும், பக்கத்தில் 2013ல் திறந்த புதிய பாலத்தையும் பார்த்துக்கொண்டே காத்தான்குடிக்குப் போய், என் ராத்தா வீட்டில் இரவு தங்கினோம். சுபஹுக்குப் பின் களுவாஞ்சிக்குடி வழியாகக் குருமண்வெளித் துறைக்குப் போனோம். கச்சான் காற்று எழும்ப முன் கடந்து விட வேண்டும் என்பது அவருடைய கணக்கு. காலையில் வாவி எண்ணெய் ஊற்றியது போல் கிடக்கும். பிற்பகலில் அலை அடிக்கும்.

துறையில் நின்ற பிள்ளைகள் அவர் காலைப் பார்த்து விட்டு ஓடி வந்தார்கள். "நானா, நீங்க இரிங்க. உங்களையும் வண்டியையும் நாங்க தூக்கி வைக்கிறம்" என்றார்கள்.

"வேணாம் தம்பி. பலகைய மட்டும் நேரா வைங்க. மூணு சில்லும் பலகையில வரணும்" என்றார் இவர்.

பக்கச் சில்லு உள்ள வண்டிக்கு ஒற்றைப் பலகை போதாது. அவர்கள் இன்னொரு பலகையைத் தேடிக் கொண்டு வந்து பக்கத்தில் போட்டார்கள். நாங்கள் எல்லோரும் இறங்கி நின்றோம். அவர் பிஸ்மி சொல்லி முதல் கியரில் மெல்ல ஏறி, மிதவையின் நடுவில் கொண்டு போய் நிறுத்தினார். ஒருவருடைய கையும் படவில்லை. நான் மூச்சு விட்டது அதன் பிறகுதான்.

வண்டியோடு பாதையில் ஏறும் சகோதரிகளுக்குச் சில விடயங்களைச் சொல்ல வேண்டும். ஓட்டுகிறவரைத் தவிர மற்றவர்கள் இறங்கி நடந்து ஏறுங்கள். பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு ஏறாதீர்கள். நிறுத்தியதும் இயந்திரத்தை அணைத்து, கியரில் போட்டு வையுங்கள். பக்கத் தாங்கியை விட நடுத் தாங்கி நல்லது. எங்களைப் போன்ற வண்டிக்குச் சில்லுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். பாரம் இரு பக்கமும் சமமாக இருக்க வேண்டும். வேடிக்கை பார்க்க எல்லோரும் ஒரு பக்கம் ஒதுங்கக் கூடாது. உயிர்காப்பு அங்கி இருந்தால் முதலில் பிள்ளைகளுக்குப் போடுங்கள். ஆள் நிறைந்திருந்தால் அடுத்த பாதைக்குக் காத்திருங்கள். ஒட்டகத்தைக் கட்டி விட்டுத்தான் அல்லாஹ்விடம் பொறுப்புச் சாட்ட வேண்டும் என்பது நமக்குத் தெரியாததா?

பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. 2021 நவம்பர் 23ல் கிண்ணியாவின் குறிஞ்சாக்கேணியில் என்ன நடந்தது என்று நினைத்துப் பாருங்கள். புதுப் பாலம் கட்டிக்கொண்டிருந்த காலம். பாடசாலைக்குப் புறப்பட்ட பிள்ளைகளோடு மிதவை கவிழ்ந்தது. எத்தனை தாய்மாரின் வயிறு எரிந்தது! பெரிய நாடுகளிலும் இப்படி நடந்திருக்கிறது. 1987 மார்ச் 6ல் பெல்ஜியத்தின் சீபுறூக் துறைமுகத்திலிருந்து புறப்பட்ட ஒரு பெரிக் கப்பல், வாகனத் தளத்தின் முன் கதவை மூடாமல் ஓடியதால் சில நிமிடங்களில் சரிந்தது. 193 உயிர்கள் போயின. வண்டி ஏறுவதற்காகத் திறந்து வைத்த கதவு வழியாகவே தண்ணீரும் ஏறியது. வண்டி ஏற்றும் கலம் எதுவானாலும் புறப்படும் முன் ஒரு நிமிடம் நின்று பார்க்கிற கண் வேண்டும். அந்தக் கண் பெண்களுக்கு அதிகம். வெட்கப்படாமல் வாய் திறந்து கேளுங்கள்.

மண்டூரில் இறங்கியதும் நாங்கள் யாருக்காகவும் காத்து நிற்கவில்லை. அவர் முன்னால் போனார், மருமகன் பின்னால் வந்தார். வெல்லாவெளி வீதியில் இரு பக்கமும் சிறுபோக வேளாண்மை விளைந்து கிடந்தது. அவருக்கு விருப்பமான இடத்தில் நிறுத்தினார். ஒரு வரம்போரம் மருத மரத்தடியில் வண்டியை விட்டு இறங்காமலே வயலைப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்னோர் இடத்தில் நெல் காயப்போட்டுக் கொண்டிருந்த ஒரு பெரியவரோடு விலை பேசினார். வாங்குவதற்கு இல்லை, சும்மா! "கொள்முதல்காரன் மகன் எண்டா விலை கேட்காமப் போவானா?" என்று என்னிடம் சொல்லிச் சிரித்தார். பகல் சாப்பாட்டை மர நிழலில் அவிழ்த்தோம். திரும்பும்போது பட்டிருப்புப் பாலத்தால் வந்தோம். அன்று எங்களை அழைத்துப் போனவர் அவர். நாங்கள் அவரைக் கொண்டு போகவில்லை.

அன்றுதான் எனக்கு ஒன்று தெளிவாகப் புரிந்தது. நடக்க இயலாதவருக்குப் படகில் இடம் கொடுப்பது பாதி உபகாரம்தான். அக்கரையில் அவர் எப்படிப் போவார் என்பது மற்றப் பாதி. ஊன்றுகோல், சக்கர நாற்காலி, பக்கச் சில்லு பூட்டிய வண்டி, எதுவானாலும் அது அவருக்குச் சாமான் அல்ல, கால். உங்கள் காலைத் துறையில் கழற்றி வைத்து விட்டு ஏறுங்கள், அக்கரையில் நாங்கள் தூக்கிக்கொள்கிறோம் என்று யாராவது சொன்னால் நீங்கள் ஏறுவீர்களா?

சட்டமும் இதைச் சொல்கிறது. இலங்கையில் மாற்றுத் திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டம் 1996லேயே வந்தது. அது 28ஆம் இலக்கச் சட்டம். பொது இடங்களில் அவர்கள் போய்வர வசதி செய்ய வேண்டும் என்ற ஒழுங்குவிதிகள் 2006ல் வந்தன. காகிதத்தில் இருக்கும் அந்த வசதி துறையில் இன்னொரு பலகையாக வர வேண்டும் என்றால், யாராவது கேட்க வேண்டும். அன்று குருமண்வெளியில் அவர் கேட்டார், பலகை வந்தது.

ஆகவே சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் ஒரு மாமியாரோ, மூத்தம்மாவோ, கால் இயலாத பிள்ளையோ இருக்கலாம். அடுத்த விடுமுறைக்குப் பயணம் பேசும்போது, இடத்தைத் தீர்மானிக்கும் முன் அவரிடம் போய் உட்காருங்கள். எங்கே போக ஆசை, எதன் மேல் சாய்ந்து வருவீர்கள் என்று கேளுங்கள். பிறகு பேருந்துக்காரரிடமோ ரயில் நிலையத்திலோ படகுத் துறையிலோ அதை ஏற்ற முடியுமா என்று விசாரியுங்கள். ஏற்ற முடியாத இடம் எவ்வளவு பெரிய கப்பலானாலும் அதை விடுங்கள். ஏற்ற முடிகிற இடம் பக்கத்து ஊர் வாவியானாலும் அங்கே போங்கள். சோறு கட்டும்போது அவருக்கும் ஒரு பங்கு சேர்த்துக் கட்ட மறக்க வேண்டாம்.